தீராத நோவும் ஓயாத வேலையும்

ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால் ஊரே திரண்டு வருகிறது. பந்தல் போடவும், பால் வாங்கிவரவும், காரியம் முடிகிற வரையில் வேளை தவறாமல் சோறு கொண்டுவந்து இறக்கவும் மனிதர்கள் இருக்கிறார்கள். கால் முறிந்து கட்டுப் போட்டுக் கிடப்பவனைப் பார்க்கவும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியுமாக உறவினர்கள் வரிசையாக வருகிறார்கள். ஆனால், முடிவு நாள் குறித்துச் சொல்ல முடியாத துன்பங்கள், அதாவது ஆயுள் முழுவதும் கூடவே வருகிற வியாதியோ, அடைக்க அடைக்க மிச்சம் நிற்கும் கடனோ, எழுந்து நடமாட முடியாத தாய்க்கோ தகப்பனுக்கோ வருஷக்கணக்கில் செய்யவேண்டியிருக்கும் பணிவிடையோ ஒரு குடும்பத்தில் வந்து தங்கிவிட்டால், முதல் மாதம் நேரில் விசாரித்தவர்கள் மூன்றாம் மாதம் டெலிபோனில் விசாரிக்கிறார்கள். ஓராண்டு கழிந்த பிறகு அந்த வீட்டு விலாசத்தைப் போலவே அந்தத் துன்பமும் எல்லாருக்கும் பழகிப்போய்விடுகிறது, அதை அநுபவிக்கிறவர் ஒருவரைத் தவிர.

அப்படிப்பட்டவரிடம் போய், 'இதுவும் கடந்து போகும்' என்று சொல்வதில் பிரயோஜனம் இல்லை. கடந்து போகாது என்பதுதான் அந்தத் துன்பத்தின் லட்சணமே. காலம் ஆற்றும் என்பதும் அப்படித்தான். காலம் ஆற்றுவது நடந்து முடிந்ததை. நாள்தோறும் புதிதாக நடந்துகொண்டிருப்பதை ஆற்றுவதற்கு அதற்கு அவகாசம் ஏது? ஆகையால், வந்துபோகும் சோகத்துக்கென்று நாம் சேர்த்து வைத்திருக்கும் ஆறுதல் மொழிகளை ஒதுக்கிவிட்டு, போகாத உபாதை ஒன்றை அருகில் நின்று பார்த்து, ஏறக்குறைய அறுபது வருஷம் அதனோடு ஜீவித்த ஒரு மனிதர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்தார் என்று விசாரிப்பது உபயோகமான காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

முடக்குவாதத்தை எடுத்துக்கொள்வோம். வயதாகி முழங்கால் தேய்ந்து வலிப்பது வேறு, இது வேறு. கிருமிகளை எதிர்க்கவேண்டிய சரீரத்தின் பாதுகாப்புச் சக்தி, இன்னும் முழுவதும் விளங்காத காரணங்களால், மூட்டுகளுக்குள்ளே பதிந்திருக்கும் மெல்லிய சவ்வையே பகையாகக் கருதித் தாக்கத் தொடங்குகிறது. சவ்வு வீங்கித் தடிக்கிறது. பக்கத்திலுள்ள குருத்தெலும்பையும் எலும்பையும் நாளடைவில் அரித்துவிடுகிறது. பெரும்பாலும் கைவிரல்களின் சிறிய மூட்டுகளில், இரண்டு கைகளிலும் ஒன்றுபோல ஆரம்பிக்கும். கவனியாமல் விட்டால் விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்து கோணிப்போகும். ஆண்களைவிடப் பெண்களையே இரண்டு மூன்று மடங்கு அதிகமாகப் பிடிக்கும். கிழவயதுக்குத்தான் வரும் என்பதும் இல்லை. முப்பதிலும் நாற்பதிலும், குடும்பப் பாரம் முழுவதும் தலையில் இருக்கும் பருவத்திலேயே, வந்துவிடுவது உண்டு.

விடியற்காலைதான் இதன் உக்கிரமான வேளை. எழுந்தவுடன் விரல்கள் மடங்கமாட்டா. அவை வசத்துக்கு வர ஒரு மணி நேரமாவது ஆகும். இந்த வியாதி கண்ட பெண் அந்த ஒரு மணிக்குள்தான் பால் பாக்கெட்டைக் கத்தரிக்கவேண்டும், குக்கர் மூடியைத் திருகவேண்டும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குப் பொத்தான் போட்டுவிடவேண்டும், தன் ரவிக்கைக்குக் கொக்கி மாட்டவேண்டும். குழாயைத் திறந்துவிட்டால் மூட முடிவதில்லை. அலசிய துணியைப் பிழிய முடியாமல் அப்படியே கொடியில் போட, அது மத்தியானம் வரையில் சொட்டிக்கொண்டிருக்கிறது. பகல் ஏற ஏற இறுக்கம் சற்றே தளர்ந்து, சாயங்காலம் அவள் கடைத்தெரு வரையில் போய்வருவதைப் பார்த்துவிட்ட பக்கத்து வீட்டுப் பெண் மறுநாள் வந்து, "என்னக்கா, நேத்து நல்லாத்தானே நடந்து போனீங்க?" என்று கேட்கிறாள். கேட்டவள் மனத்தில் கள்ளம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி மாளாமல், உடம்பு சற்றுத் தேவலை என்று இருக்கும் நாளிலும் வெளியே தலைகாட்டாமல் இருந்துவிடுகிறவர்கள் அநேகர். வலியைக் காட்டிலும் வலியை நிரூபிக்கவேண்டிய நிர்ப்பந்தம் அதிகமாகக் களைப்படையச் செய்யும் என்பது, நெடுநாள் நோயாளி உள்ள எந்த வீட்டாருக்கும் தெரிந்ததே.

பார்க்க வருகிறவர்கள் இரண்டு வகை. ஒரு வகையார் மருந்து சொல்கிறவர்கள்: முடக்கத்தான் கீரையை அரைத்துத் தோசை வார்க்கச் சொல்வார்கள், கொல்லிமலை முடவாட்டுக்கால் கிழங்கில் சூப் வைக்கச் சொல்வார்கள், மலையாளத்துத் தைலம் ஒன்றின் பெயரைக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பார்கள். முடக்கத்தான் தோசை மீது எனக்கு விரோதம் இல்லை. பூண்டுச் சட்னியோடு சாப்பிட்டால் அது அமிர்தமாகவே இருக்கும். இன்னொரு வகையார் காரணம் சொல்கிறவர்கள்: முன்ஜன்மத்து வினை என்பார்கள், ஆண்டவன் தனக்குப் பிரியமானவரைத்தான் சோதிப்பான் என்பார்கள், ஏதோ ஒரு பெரிய நன்மைக்காகவே இது வந்திருக்கிறது என்பார்கள். இந்த இரண்டாம் வகையாரிடந்தான் எனக்குத் தகராறு. தன் துன்பத்துக்குத் தானே ஒரு பொருள் கண்டு அதில் நிம்மதி அடைகிறவரை யாரும் குறைகூற முடியாது. ஆனால், பிறர் வலிக்குப் பொருள் எழுதித் தருவது, அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் சிரமத்திலிருந்து தப்பிப்பதற்குப் பெரும்பாலோர் கையாளும் உபாயமே அன்றி வேறில்லை என்பது என் அபிப்பிராயம்.

இனி அந்த மனிதரைப் பற்றி. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை ஸ்தாபித்த டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, 1918-ம் வருஷம் அக்டோபர் 1-ந் தேதி, எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரம் என்னும் கரிசல் கிராமத்தில் விவசாயக் குடும்பம் ஒன்றில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர். உறவுப் பெண்கள் மூவர் அடுத்தடுத்துப் பிரசவத்தில் இறந்துபோனதை இளவயதிலேயே கண்டு, அப்படிப்பட்ட சாவுகளைத் தடுக்கும் பிரசவ வைத்தியராகவேண்டும் என்று உறுதி செய்துகொண்டவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் ரசாயனம் படித்துப் பட்டம் பெற்று, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944-ல் வைத்தியப் படிப்பை முடித்து, ராணுவ மருத்துவப் பிரிவில் உத்தியோகம் ஏற்றார். அங்கிருந்து திரும்பி வந்து பிரசவ வைத்தியத்தில் மேற்படிப்பு என்று அவர் வகுத்திருந்த கிரமத்தில், முப்பதாவது வயதில் முடக்குவாதம் குறுக்கிட்டது. 1948-ல் ராணுவம் அவரை உடல்தகுதி இல்லையென்று விடுவித்தது. வெகுகாலம் ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே கிடந்தார். எழுந்து நடமாடத் தொடங்கியபோது கைவிரல்களும் கால்விரல்களும் கோணித் திருகியிருந்தன. பேனாவைப் பிடிப்பதே ஒரு பிரயத்தனமாக இருந்தது. இரவும் பகலும் நின்று, இரண்டு கைகளின் முழுப் பலத்தையும் கொடுத்துச் செய்யவேண்டிய பிரசவ வைத்தியம் இனி இல்லை என்று ஆயிற்று.

இந்த இடத்தில் அவருடைய சரித்திரத்தைச் சொல்கிறவர்கள் எல்லாரும் சற்றே அவசரப்பட்டுவிடுகிறார்கள். விரல் கோணிய மனிதர் கண் வைத்தியரானார், ஒரு லக்ஷம் பேருக்கு மேல் தம் கையாலேயே ஆபரேஷன் செய்தார், வியாதி ஒரு கதவை மூடி இன்னொரு கதவைத் திறந்தது என்று இரண்டு வாக்கியத்தில் கதை முடிந்துவிடுகிறது. முதல் இரண்டும் உண்மை. கடைசியாகச் சொன்னதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். வியாதி எந்தக் கதவையும் திறக்கவில்லை. ஏழைகள் தடுக்கக்கூடிய காரணத்தால் நாசமாவதைத் தடுக்கவேண்டும் என்ற எண்ணம், வியாதி வருவதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே, அந்த மூன்று பெண்களின் சாவோடு அவரிடம் வந்துவிட்டது. வியாதி அந்த எண்ணத்துக்கு இருந்த நேர்வழியை அடைத்தது; சுற்றுவழியைக் கண்டுபிடித்தவர் அவர்தான்.

அந்தச் சுற்றுவழி எவ்வளவு கடினமானது என்பதைக் கண்ணின் அமைப்பைக் கொண்டு பார்த்தால் விளங்கும். கண்புரை என்பது கருவிழிக்குப் பின்னால் பயறுபோல் அமைந்திருக்கும் தெளிவான வில்லை, பெரும்பாலும் முதுமையினால், பாலாடை படிந்தாற்போல் மங்கிப்போவது. அந்தக் காலத்து முறையில், கருவிழியின் ஓரத்தைக் கீறித் திறந்து, மங்கிய வில்லையை அதன் மெல்லிய உறையோடு உடையாமல் வெளியே எடுத்து, கீறிய இடத்தைத் தைக்கவேண்டும். கீறப்படும் திசுவோ ஒரு மில்லிமீட்டர் கனங்கூட இல்லாதது. அப்பால் போன கத்திக்கும் அளவோடு நின்ற கத்திக்கும் உள்ள வித்தியாசம் ஒருவருடைய பார்வை. நேரான விரல்கள் உடையவர்களே வருஷக்கணக்கில் பழகவேண்டிய இந்த வித்தையை, சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் பயிற்சிக்குச் சேர்ந்த வெங்கடசாமி, கோணிய விரல்களோடு கற்றார். 1951-ல் கண் வைத்தியத்தில் மேற்பட்டம் பெற்றார். கத்தியைப் பிடிக்க விரல்களைப் படிப்படியாகப் பழக்கினார் என்பது மட்டும் அல்ல. தம் கைக்கு ஏற்றவாறு கருவிகளையும் அமைத்துக்கொண்டார்.

இந்தக் கடைசி விஷயத்தைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மனத்தைத் திடப்படுத்திக்கொள் என்று சொல்வது நம் தேசத்தில் சர்வ சாதாரணம். கருவியின் பிடியை மாற்றிக்கொள் என்று சொல்பவர் அரிது. வெங்கடசாமி அரவிந்தரிடத்தும் புதுச்சேரி அன்னையிடத்தும் ஆழ்ந்த பக்தி கொண்டவர். தம் ஆஸ்பத்திரிக்கே அரவிந்தர் பெயரைச் சூட்டியவர். அவருடைய மனோதிடத்தில் அந்தப் பக்திக்கு இருந்த பங்கைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. ஆயினும், தியானத்தினால் விரல் நிமிரவில்லை. நிமிராத விரலுக்கு இசைந்த கருவி கிடைத்ததனால்தான் மறுநாள் ஆபரேஷன் நடந்தது. இதே வியாதி பிரான்ஸ் தேசத்து ஓவியர் ரெனுவாரையும் பீடித்திருந்தது. கடைசிக் காலத்தில் நாற்காலியைவிட்டு எழ முடியாத அவருக்குத் தூரிகையைக் கையோடு கட்டிவிட்டார்கள் என்று ஒரு கதை பிரசித்தமாயிருக்கிறது. உண்மை அதைவிடச் சாதாரணமானது: உள்நோக்கி மடங்கிய விரல்கள் உள்ளங்கையைப் புண்ணாக்காதபடி துணி சுற்றியிருந்தார்கள், தூரிகையை யாராவது எடுத்து விரலிடையில் கொடுப்பார்கள், அகலமான படம் எழுதும்போது கை எட்டாத பகுதியை அருகில் கொண்டுவர, சீலையை உருளைகளில் சுற்றி நகர்த்தும்படி ஓர் ஏற்பாடு இருந்தது. 1919-ல் தமது 78-வது வயதில் இறக்கும் வரையில் அவர் எழுதிக்கொண்டிருந்ததற்கு, துணிக்கும் உருளைக்கும் உரிய பெருமையைக் கொடுக்கத்தான் வேண்டும்.

வெங்கடசாமி 1956-ல் மதுரைக்கு வந்து, அரசாங்க எர்ஸ்கின் ஆஸ்பத்திரியில் கண் பிரிவின் தலைவரானார். கிராமங்களில் கண் சிகிச்சை முகாம்கள் நடத்தினார். 1973-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1976-ல் அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றதும், பென்ஷனை வாங்கிக்கொண்டு திண்ணையில் உட்கார யாருக்கும் உரிமை உள்ள அந்தப் பிராயத்தில், பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார். பணத்துக்கு வீட்டை அடமானம் வைத்தார்; குடும்பத்து நகைகளும் அடகுக்குப் போயின. இன்று அது உலகத்திலேயே மிக அதிகமான கண் ஆபரேஷன்கள் நடக்கும் ஸ்தாபனங்களில் ஒன்று. பணம் கொடுக்க முடிந்தவர்கள் கொடுப்பதைக் கொண்டு, கொடுக்க முடியாத பெருந்தொகையினருக்கு இலவசமாகவும் சொற்பக் கட்டணத்திலும் சிகிச்சை நடக்கிறது. இதெல்லாம் பலரும் எழுதிய விஷயம்.

ஆபரேஷன் கூடத்தின் ஏற்பாட்டைப் பற்றி மாத்திரம் கொஞ்சம் சொல்லவேண்டும். அங்கே ஒரு வைத்தியருக்கு இரண்டு மேஜைகள். ஒரு மேஜையில் ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கும்போதே, அடுத்த மேஜையில் அடுத்த நோயாளியைப் படுக்கவைத்துத் துடைத்துத் துணி போர்த்தித் தயாராக வைத்துவிடுகிறார்கள். இதை முடித்தவர் நுண்ணோக்கியை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு அதைத் தொடங்குகிறார். தயார் செய்வது, கருவி எடுத்துக் கொடுப்பது, கட்டுப் போடுவது முதலிய காரியங்களையெல்லாம், கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்சி அளிக்கப்பட்ட இளம்பெண்கள் கவனித்துக்கொள்கிறார்கள். வைத்தியரின் கைதான் செய்யவேண்டும் என்பதை மட்டுமே வைத்தியர் செய்கிறார். அமெரிக்காவிலே ஒரே மாதிரியான பண்டத்தை ஆயிரக்கணக்கான கடைகளில் ஒரே தரத்தில் விற்கும் மக்டொனால்ட்ஸ் கம்பெனியின் முறை தம்மைக் கவர்ந்ததென்று வெங்கடசாமியே சொல்லியிருக்கிறார். அதை நாம் மறுக்கவேண்டியதில்லை. ஆனால் எனக்கு ஓர் ஊகம் உண்டு; ஊகம் என்றே அதை வாசகர்கள் எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு விரலசைவுக்கும் வலியால் விலை கொடுக்கிற மனிதனுக்கு, எந்த அசைவு அவசியம், எது அநாவசியம் என்பது மற்றவர்களுக்குத் தெரிவதைவிடத் துல்லியமாகத் தெரிந்திருக்கும். ஒரு நாளைக்குக் கையில் இருக்கும் பலம் இவ்வளவுதான் என்று கணக்கிட்டு, அதைக் கத்தி பிடிக்கும் நிமிஷங்களுக்கென்று சேமித்து வைத்து, மற்றதையெல்லாம் பிறரிடம் ஒப்படைக்கக் கற்ற ஒருவர், அதே கணக்கை ஓர் ஆஸ்பத்திரி முழுவதற்கும் போட்டுப் பார்த்திருப்பாரானால், அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

துன்பத்தில் அர்த்தம் காண்பது என்பதைப் பற்றி இந்த நூற்றாண்டிலும் சென்ற நூற்றாண்டிலும் அதிகமாக மேற்கோள் காட்டப்படுபவர், ஹிட்லரின் வதைமுகாம்களில் தகப்பனாரையும் தாயாரையும் மனைவியையும் இழந்து, தாம் மாத்திரம் 1945-ல் உயிரோடு மீண்ட வியன்னா மனோதத்துவ வைத்தியர் விக்டர் பிராங்கல். தவிர்க்க முடியாத துன்பத்தையும் மனிதன் எந்த மனோபாவத்தோடு ஏற்கிறான் என்பதில் பொருள் காணலாம் என்பது அவர் கொள்கை. அதை எடுத்துச் சொல்கிறவர்கள், அதே மூச்சில் அவர் வைத்த நிபந்தனையைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்: துன்பம் தவிர்க்கக்கூடியதாக இருந்தால், அதன் காரணத்தை நீக்குவதுதான் பொருளுள்ள செய்கை, நீக்கக்கூடிய துன்பத்தை வீம்புக்கு அநுபவிப்பது வீரமல்ல என்று அவர் தெளிவாகவே எழுதியிருக்கிறார். வெங்கடசாமியின் ஜீவியத்தில் இந்த இரண்டு பாதியும் இருந்தன. தம் விரல்களின் வலி தவிர்க்க முடியாதது; அதை ஏற்றார். கண்புரையினால் வரும் குருடு தவிர்க்கக்கூடியது. அதை விதி என்று சொல்லிக்கொண்டிருந்த கிழவர்களையும் கிழவிகளையும் கிராமம் கிராமமாகத் தேடிப்போய் பஸ்ஸில் ஏற்றி அழைத்துவரச் செய்தார். எது எந்த வகை என்று பிரித்தறிவதில்தான் அவருடைய விவேகம் இருந்தது.

அவருக்கு வாய்த்திருந்த அநுகூலங்களையும் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. படுத்த படுக்கையாகக் கிடந்த காலத்திலும் அவர் ஒரு டாக்டர். பட்டம் கையில் இருந்தது. கல்யாணம் செய்துகொள்ளாமல், மூத்தவர் என்ற ஸ்தானத்தில் உடன்பிறந்தவர்களை ஆளாக்கினார். அவர்களும் பிற்பாடு ஒருவர் பாக்கியில்லாமல் அவர் காரியத்தில் தோள் கொடுத்தார்கள். அவருக்கு வெகுவாக இளையவரான தங்கை நாச்சியாரும், அவர் கணவர் நம்பெருமாள்சாமியும் கண் வைத்தியர்கள். ஆரம்பத்திலிருந்தே அந்த ஆஸ்பத்திரியில் உழைத்தவர்கள். தம்பி ஸ்ரீனிவாசன் கட்டடங்களைக் கட்டிக் கொடுத்தார். 1992-ல், கண்ணுக்குள் பொருத்தும் செயற்கை வில்லையை மதுரையிலேயே செய்ய ஆரோலேப் என்ற தொழிற்சாலை ஏற்பட்டு, அதுவரை வெளிநாட்டிலிருந்து வந்த வில்லையின் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு அதைக் கொடுக்க முடிந்ததும் ஒருவருடைய மனோதிடத்தால் மட்டும் நடந்ததல்ல. ஆகவே, விடியற்காலையில் குக்கர் மூடியைத் திருக முடியாமல் நிற்கும் பெண்ணிடம் போய், 'வெங்கடசாமியைப் பார், அவர் சாதிக்கவில்லையா?' என்று கேட்பது அந்தப் பெரியவருக்கே அபசாரம். அந்த வீட்டில் கேட்கவேண்டிய கேள்வி வேறு: குழாய்க்கு விரலால் திருகாமல் மணிக்கட்டால் தட்டித் திறக்கும் நீண்ட பிடி போட்டாயிற்றா? காலைச் சமையலை, இறுக்கம் தளர்கிற வரையில் வீட்டில் வேறு யார் பார்த்துக்கொள்வது? அவளுக்கென்று அவள் செய்ய விரும்பும் வேலை ஒன்று, தையலோ, கணக்கெழுதுவதோ, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுவதோ, ஏதாவது இருக்குமானால், உடம்பு அநுமதிக்கும் அந்த இரண்டு மூன்று மணி நேரத்தை அதற்கென்று விட்டுக்கொடுக்க வீட்டார் சம்மதிப்பார்களா, அல்லது அதையும் பாத்திரம் தேய்ப்பதிலேயே செலவழிக்கச் செய்வார்களா?

வைத்தியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாகவேண்டும். வெங்கடசாமி ராணுவத்திலிருந்து அனுப்பப்பட்ட அதே 1948-ல்தான், அமெரிக்காவில் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த டாக்டர் ஹென்ச், கார்ட்டிஸோன் என்ற மருந்தை முடக்குவாத நோயாளி ஒருவருக்கு முதன்முதலாகச் செலுத்திப் பார்த்தார். படுத்துக் கிடந்த பெண் சில நாட்களிலேயே எழுந்து நடந்தாள். இரண்டு வருஷத்தில் நோபல் பரிசு வந்தது. அதை நீடித்துக் கொடுத்தால் எலும்பு பலவீனப்படும், வேறு கோளாறுகளும் வரும் என்ற உண்மையும் பின்னாலேயே வந்தது. இப்போது நிலைமை வேறு. மெதோட்ரெக்ஸேட் முதலிய மருந்துகள், அழற்சி ஆரம்பித்த சில மாதங்களுக்குள் தொடங்கி, ரத்தப் பரிசோதனையின் கண்காணிப்போடு கிரமமாக எடுத்துக்கொண்டால், விரல்கள் கோணிப்போகாமலே பலரைக் காப்பாற்றுகின்றன. மூட்டுவாதத்துக்கென்றே தனிப் பிரிவு சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இருக்கிறது. காலையில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் இறுக்கம், இரண்டு கைகளின் சிறு மூட்டுகளிலும் வீக்கம், இவை ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால், அது என்ன பாடம் கற்பிக்க வந்திருக்கிறது என்ற ஆராய்ச்சியைத் தள்ளிவைத்துவிட்டு மூட்டுநோய் நிபுணரிடம் போவதே முறை. கீரைத் தோசையைப் போய்வந்த பிறகு சாப்பிட்டுக்கொள்ளலாம்.